பதினான்கு இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது

சான் ரமோன்
மார்ச் 4, 2025

கயல் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தியது தப்புதான். பதில் சொல்லாமல் நீங்கள் வைத்ததும் தப்புதான். இனிமேல் போன் வேண்டாம் என்று சொன்னேனே, அதைக் கோபத்தில் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து உங்களோடு வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் காகிதம்.

டெக்சாஸ் வேலையை எடுத்தபோது ஆறே மாதம் என்றீர்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு நான்கு நாள் வந்தீர்கள். அதில் இரண்டு நாள் தூக்கம், ஒரு நாள் லேப்டாப். மிச்சமிருந்த நாளில் காஸ்ட்கோ கடைக்குப் போய்வந்தோம்.

கயல் டிரைவிங் டெஸ்டில் பெயிலாகிவிட்டாள். ஃப்ரீவேயில் சேருவதென்றால் பயம் அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர என்னிடம் பொறுமை இல்லை. மருத்துவமனை லேபில் விடிய விடிய ரத்த மாதிரிகளைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்குக் கண்ணைத் திறந்துவைப்பதே பெரிய வேலை. "அப்பா வரட்டும், அவர் சொல்லித் தருவாரு" என்றேன். "அம்மா, ஹி இஸ் லைக் எ விசிட்டர்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். எப்போது திரும்பி வருகிறீர்கள்? தேதி போட்டு எழுதுங்கள். "பார்க்கலாம்" என்று எழுதாதீர்கள்.

எழில்


பெக்கன் பெண்ட் ஸ்டேட் பார்க், டெக்சாஸ்
மார்ச் 22, 2025

எழிலுக்கு,

உன் கடிதம் சுற்றிச்சுற்றி இந்த வாரம்தான் கைக்கு வந்தது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

நான் கேம்பிங் வந்திருக்கிறேன். காப்பெல் அபார்ட்மென்டில் இருந்து இரண்டு மணி நேரம். பார்க் ஆபீஸை ஒட்டிய கடையில் வாங்கிய தாள் இது. மேலே மான் படம் அதனால்தான். பிரேசோஸ் ஆறு இந்த இடத்தில் ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. டீயில் பால் கொஞ்சம் குறைந்தால் இருக்குமே, அந்த நிறத் தண்ணீர். மறுகரையில் சுண்ணாம்புப் பாறை. இந்தக் கரை முழுக்கப் பெக்கன் மரங்கள். என் டென்ட்டுக்குப் பக்கத்தில் கல் மேஜை ஒன்றும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் இருக்கின்றன. ஐம்பது அடி நடந்தால் வெந்நீர்க் குளியலறை. வேறென்ன வேண்டும்?

ரிட்டயர் ஆனவர்கள் ட்ரெய்லரை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்க் கரையில் போட்டுக்கொள்கிறார்கள். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை தண்ணீரையே பார்க்கிறார்கள். முதல் நாள், இதென்ன பிழைப்பு என்று நினைத்தேன். இப்போது நானும் ஒரு நாற்காலி வாங்கிவிட்டேன்.

கயலிடம் சொல், பயம் போய்விடும், வண்டி ஓட்டுவது பழக்கம்தான் என்று.

தேதி கேட்டிருக்கிறாய். ஆபீஸ் நிலவரம் ஒரு மாதிரி இருக்கிறது. ஏப்ரல் தாண்டட்டும், எழுதுகிறேன். இனி உன் பதிலைக் கீழே உள்ள தபால்பெட்டி எண்ணுக்கு அனுப்பு. அபார்ட்மென்டில் கடிதங்கள் காணாமல் போகின்றன.

சேனாபதி


சான் ரமோன்
மார்ச் 31, 2025

கயல் அப்பாவுக்கு,

நன்றாக இருக்கிறது. நீங்கள் ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இரண்டு கோடைக்கு முன்னால் கயல் ஆசைப்பட்டாளே, ரஷ்யன் ரிவர் பக்கம் மூன்று பேரும் கேம்பிங் போகலாம் என்று. இடம்கூடப் பதிவு செய்தேன். லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். நானும் அவளும் போனோம். டென்ட்டை நிறுத்தத் தெரியாமல் காரிலேயே படுத்துவிட்டு மறுநாள் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவள் எதற்கும் உங்களைக் கூப்பிட்டதே இல்லை. கவனித்தீர்களா?

நான் லேபில் வேலை பார்க்கிறவள். சொல்லாததையும் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். "முதல் நாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையாவது நாள் எழுதினீர்கள்? உறையில் குத்தியிருக்கும் முத்திரையில் ஊர் காப்பெல் இல்லை. வார இறுதிக்குக் கேம்பிங் போகிறவர் அந்த ஊரில் எதற்குத் தபால்பெட்டி எடுக்கிறார்? போன வாரம் உங்கள் ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அந்த எண் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்று ஒரு மெஷின் சொன்னது.

நேராகவே கேட்கிறேன். அங்கே யாரோடாவது இருக்கிறீர்களா? அப்படி இருந்தால் சொல்லிவிடுங்கள். அழக்கூட மாட்டேன் என்று நினைக்கிறேன். அதற்கும் தெம்பு வேண்டும்.

எழில்


பெக்கன் பெண்ட்
ஏப்ரல் 9, 2025

எழில்,

யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை.

ஜனவரி பதினான்காம் தேதி என் வேலை போய்விட்டது. பதினைந்து நிமிஷ வீடியோ கால். பேசிய பெண்ணுக்கு என் பெயரைச் சொல்ல வரவில்லை. மூன்று தடவை முயன்றாள். கடைசியில் நானே, "இட்ஸ் ஓகே" என்றேன். அபார்ட்மென்ட் லீஸ் பிப்ரவரியோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. சாமான்களை ஒரு ஸ்டோரேஜில் போட்டுவிட்டு, டென்ட்டையும் அடுப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாளைக்கு என்று இங்கே வந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்காகத்தான் வந்தேன். ஆறு வாரம் ஆகிவிட்டது.

ஒரே பார்க்கில் பதினான்கு இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பதினைந்தாம் நாள் மூட்டை கட்டிக்கொண்டு முப்பது மைல் தள்ளி இன்னொரு பார்க்குக்குப் போகிறேன். அங்கே சில நாள், பிறகு மறுபடி இங்கே. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கத்தினாயே, அப்போது நான் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். பின்னால் இரண்டு பேர் துண்டோடு காத்திருந்தார்கள். என்னால் பேச முடியவில்லை, வைத்துவிட்டேன்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன்.

வேலை போன மறுநாள் எனக்குத் துக்கம் வரவில்லை, எழில். தூக்கம் வந்தது. பதினோரு மணி நேரம் தூங்கினேன். இருபத்திநாலு வருஷமாகத் தூங்காததுபோல. மறுநாளும் அப்படித்தான். நீ நினைப்பாய், வேலை தேடி அலைந்து கிடைக்காமல் ஒளிந்திருக்கிறான் என்று. அதுகூட இல்லை. இன்றுவரை ஒரு அப்ளிகேஷன்கூடப் போடவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் கை மரத்துப்போகிறது. ஆற்றைப் பார்த்தால் சரியாகிவிடுகிறது.

வேலை இல்லாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்து, சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நீ ஷிப்டுக்குக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு முகம் இல்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சேனாபதி


சான் ரமோன்
ஏப்ரல் 19, 2025

பிரேக் ரூமில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இரண்டு முறை.

வேலை போனதற்கு நான் ஏன் திட்டப் போகிறேன்? இந்தத் தெருவிலேயே நாலு வீட்டில் போயிருக்கிறது. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கம்பெனி கடைசியாகக் கொடுத்ததை அனுப்பியிருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. அதை மறைத்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன்.

உங்களுக்குத் தூக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

எனக்கும் வரும். பகலில் ஐந்து மணி நேரம் படுக்கிறேன். அதில் தூங்குவது மூன்று. உங்களுக்கு முடியவில்லை என்றதும் ஒரு ஆறு கிடைத்தது, மரம் கிடைத்தது. எனக்கு முடியவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? நான் தூங்கிவிட்டால் இந்த வீட்டில் யார் எழுந்திருப்பது?

கயலிடம் சொல்லிவிட்டேன். மறைப்பது இந்தக் குடும்பத்தில் ஒருவரோடு நிற்கட்டும். "ஸோ, ஹி இஸ் ஹோம்லெஸ்?" என்றாள். இல்லை, வீடு இருக்கிறது, வரவில்லை என்றேன். அறைக்குள் போனவள் கொஞ்ச நேரம் கழித்து வந்து, "இஸ் ஹி ஈட்டிங்?" என்று கேட்டாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவளுக்கு எழுதுங்கள்.

வீட்டுக்கு வாருங்கள் என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

எழில்


பெக்கன் பெண்ட்
மே 5, 2025

எழில்,

அரிசிம்பருப்பு சாதம்தான். குக்கரைக் கேம்ப் அடுப்பில் வைத்தால் மூன்று விசிலில் ஆகிவிடுகிறது. விசில் சத்தம் கேட்டு முதல் நாள் பக்கத்து ட்ரெய்லர்க்காரர் ஓடிவந்து பார்த்தார். இதைக் கயலிடம் சொல். அவளுக்குத் தனியாகவும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

நீ தூங்கினால் யார் எழுந்திருப்பது? பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயம் உன் பக்கம்தான்.

சனிக்கிழமை ஒன்று நடந்தது. காப்பெலில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் பக்கத்து இடத்துக்கு வந்தது. அகிலன் என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். புது டென்ட். எந்தக் கம்பியை எதில் மாட்டுவதென்று தெரியாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். போய் மாட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் புளியோதரை டப்பாவைத் திறந்து ஒரு தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், ஃபேமிலி வரலையா?"

"அவங்க கலிஃபோர்னியால இருக்காங்கம்மா."

"அப்ப சும்மா வீக்கெண்ட் ட்ரிப்பா? எந்த கம்பெனில இருக்கீங்க?"

வழக்கமாகப் பழைய கம்பெனிப் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை.

"கம்பெனி இல்லீங்க. ஜனவரியில வேலை போயிருச்சு. இங்கதான் இருக்கறனுங்க."

அவள் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு இன்னொரு கரண்டி எடுத்து என் தட்டில் வைத்தாள். வாய்விட்டு ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அகிலன் என் பின்னாலேயே கரைக்கு வந்தான்.

"அண்ணா, எங்க டீம்ல பாதிப் பேரை அனுப்பியாச்சு. எனக்கு இன்னும் H1 விசாதான். போச்சுன்னா அறுபது நாள், அதுக்குள்ள வேற வேலை, இல்லைன்னா ஊரு. அவகிட்ட இன்னும் சொல்லல."

"சொல்லிருங்க தம்பி."

"நீங்க வீட்ல உடனே சொன்னீங்களா?"

"இல்லீங்க. அவளாத்தான் கண்டுபிடிச்சா."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஒரு கல்லை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, தண்ணீரில் எறியாமல் கீழே போட்டான். மறுநாள் கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது. சொல்லிவிட்டான் போல. என் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

இன்னொரு செய்தி. பார்க்கின் ரேஞ்சர் டயானா என்னைக் கேம்ப் ஹோஸ்டாக இருக்கிறாயா என்று கேட்டார். சம்பளம் கிடையாது, தங்க இடம் இலவசம். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, அடுப்புச் சாம்பலை அள்ளுவது, வழி கூட்டுவது. அக்டோபர் வரை. அந்தப் பதினான்கு இரவுச் சட்டம் ஹோஸ்டுக்குக் கிடையாது. ஜூன் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது, எழில். ஆசை என்று ஒன்று தோன்றியே பல வருஷமாயிற்று. மறுபடி மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சேனாபதி


சான் ரமோன்
மே 14, 2025

உங்கள் ஆசையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நேற்றுக் காலை ஏழே முக்காலுக்கு, 680 ஃப்ரீவேயில் இருந்து இறங்கும் சிக்னலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். கால் பிரேக்கிலேயே இருந்திருக்கிறது. எத்தனை தடவை பச்சை விழுந்ததோ தெரியாது. யாரோ கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். காஃபி கோப்பையோடு ஒரு ஆள். "மேம், ஆர் யூ ஓகே?" கண்ணாடியை இறக்கினேன். அவரே ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, நான் கிளம்பும்வரை பின்னால் நின்றார். தூங்கியதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அறுபத்தைந்து மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கயலிடம் சொன்னேன். அவள் என் கார்ச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு சூப்பர்வைசரிடம் போய், சேர்த்துவைத்த லீவு மொத்தத்தையும் கேட்டேன். நாலு வாரம் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் போன வருஷமே கேட்டிருப்பேன்.

ஜூன் ஏழாம் தேதி நானும் கயலும் டாலஸில் இறங்குகிறோம். டென்ட்டில் என்னால் முடியாது. அங்கே ஏசி உள்ள கேபின் ஏதாவது இருந்தால் பிடித்துவையுங்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. சண்டை போடவும் வரவில்லை. தூங்க வருகிறேன்.

எழில்


சான் ரமோன்
ஜூன் 27, 2025

எழில்,

வீட்டில் இருந்து உனக்குப் பார்க் முகவரி எழுதுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இருவரும் பார்க்குக்கு வந்த அந்த ஐந்தாம் நாளை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாலு நாள் நீ கேபினை விட்டு வெளியே வரவில்லை. சோறு கொண்டுவந்து வைத்தால் பாதி சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தாய். ஐந்தாம் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, ஆற்றில் காலை விட்டு உட்கார்ந்தாய். கயல் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு நீ சொன்னாய்: "அவளுக்குப் பதினாறாம் தேதி சம்மர் கிளாஸ் ஆரம்பிக்குது. நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருக்கறேன்." நீ தனியா எப்படி என்றேன். "நீங்க எப்படி இருந்தீங்களோ அப்படி" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. என் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறாய் என்றுகூடத் தோன்றியது. சின்னப் புத்திதான். வேனை உன்னிடம் விட்டுவிட்டு, டயானாவிடம் ஹோஸ்டாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு உதவி வேண்டுமென்றால் அவரிடம் கேள், நல்ல மனுஷி.

நீ தூங்கிய நாட்களில் நாங்கள் என்ன செய்தோம் என்று நீ கேட்கவே இல்லை. அவளை வேனில் உட்காரவைத்துப் பார்க் ரோட்டில் பத்து மைல் வேகத்தில் ஓட்டவிட்டேன். பிறகு பண்ணைகளுக்கு நடுவே போகும் ரோடு. நாலாம் நாள் ஃப்ரீவே. ஒரு பெரிய ட்ரக் பக்கத்தில் வந்ததும், "அப்பா, அப்பா, அப்பா" என்று தமிழில் கத்தினாள். "கண்ணாடியப் பாரு, இடம் இருக்குது, போ" என்றேன். போய்விட்டாள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள். "யூ ஷுட் ஹவ் பீன் தேர்" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? டெஸ்ட் ஜூலை பதினெட்டு.

இன்னும் எங்கும் அப்ளை பண்ணவில்லை. பண்ணிவிட்டேன் என்று எழுதலாம். எழுதவில்லை. காலையில் எழுந்து அவளுக்கு டப்பா கட்டுகிறேன், கிளாஸில் விடுகிறேன், துணி துவைக்கிறேன். உன் அறையில் ஜன்னல் திரையை நீ பைண்டர் கிளிப் போட்டு இழுத்துக் கட்டியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். இரண்டு கிளிப் உடைந்திருந்தது. கெட்டித் திரை வாங்கி மாட்டிவிட்டேன்.

போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பகலில் அந்த அறை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமென்று உன் கட்டிலில் படுத்திருந்தேன். தலைக்குப் பக்கத்தில் விமானம் கிளம்புவதுபோல ஒரு சத்தம். அலறி எழுந்து பார்த்தால், தோட்டக்காரர்கள் இலை ஊதும் மெஷினோடு ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கிறார்கள். முக்கால் மணி நேரம். "எவ்ரி தர்ஸ்டே" என்றாள் கயல். அம்மா தலையணையைத் தலைமேல் போட்டுக்கொள்வாள் என்றாள்.

நேற்று எட்டே முக்காலுக்கே கீழே போய் நின்றேன். மேஸ்திரி மாதிரி ஒருவர் வந்தார். என் மனைவி ராத்திரி வேலை பார்க்கிறாள், இந்தப் பக்கத்தை மட்டும் மதியம் மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "ஷ்யூர், நோ ப்ராப்ளம்" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எழில். மூன்று வருஷமாக, இறங்கிப் போய் அந்த இரண்டு நிமிஷம் பேச இந்த வீட்டில் ஆள் இல்லை.



சேனாபதி


டெக்சாஸ்
ஜூலை 2, 2025

உங்களுக்கு,

நீங்கள் போன பிறகு என் பெயரில் எடுத்த பதினான்கு இரவு முடிந்து இரண்டாவது பார்க்குக்கு வந்துவிட்டேன். இங்கே கேபின் சின்னது, நிழல் கம்மி, வெயில் நூற்றிரண்டு. காலையில் ஒரு மணி நேரம் ஆற்றில் கிடக்கிறேன். பிறகு உள்ளே வந்து படுக்கிறேன். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. தூங்கி முடித்துவிட்டேன் போலிருக்கிறது. சும்மா விழித்துக்கொண்டு படுத்திருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் ஏன் இங்கிருந்து கிளம்பவில்லை என்று புரிகிறது. புரிந்துவிட்டதால் கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வேலைக்கு அப்ளை பண்ணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோடை முடியும்வரை நான் கேட்க மாட்டேன். அதற்குப் பிறகு கேட்பேன். நானும் ராத்திரி ஷிப்டை விட்டு, பகல் ஷிப்ட் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைக்குமோ கிடைக்காதோ.

இலை ஊதுகிறவர்களைப் பற்றிப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நடந்தேன். நானே ஒருநாள் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். படியிறங்கினால் தூக்கம் கலைந்துவிடும் என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் படுத்தே கிடந்தேன்.

நீங்கள் நம்பர் கொடுத்த அகிலன் வேனைத் தன் வீட்டு வாசலில் விட்டுவைக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு வேலை இன்னும் இருக்கிறதாம். அவரே ஏர்போர்ட்டில் இறக்கிவிடுகிறார். வேனை எடுத்துவர நீங்களும் கயலும் ஆகஸ்டில் வாருங்கள். அவள் பாதி தூரம் ஓட்டட்டும்.

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் தேதி, மாலை ஐந்தரைக்கு ஓக்லாண்டில் இறங்குகிறேன். கயலை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள். வழியில் எங்காவது வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பேசலாம். கத்தினாலும் கத்துவேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

எழில்